மார்கழியில் இறந்தவருக்கு மாசியில் படையல்

வாசகர் கேள்வி – பதில்

ஒரு குடும்பம் மூடி வைத்த பழைய குற்றத்தை வைத்து உளவியல் நாவல் எழுதுவது பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறோம். முதற் கடிதத்தில் உள்ள கதையையே மற்றப் பதில்களிலும் உதாரணமாக எடுத்திருக்கிறோம். எழுதியவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறோம்.

*

கேள்வி: என் நாவலில் சித்தப்பா ஒருவர் 1964 புயலில் இறந்ததாகக் குடும்பம் சொல்கிறது. உண்மையில் அவருடைய அண்ணனே அவரைக் கொன்று, வளவுக் கிணற்றில் போட்டு மூடிவிட்டார். 2018இல் அண்ணனின் பேத்தி கண்டுபிடிக்கிறாள். வாசிக்கக் கொடுத்த மூன்று பேரும் 40ஆம் பக்கத்திலேயே “அண்ணன்தானே?” என்று கேட்டுவிட்டார்கள். எழுதிய 260 பக்கமும் வீணா?
— உவர்மலை வாசகி

பதில்: வீணில்லை. ஆறு பேர் உள்ள வீட்டில் கொலை செய்தது யார் என்பதை வாசகர் கழித்துக் கழித்தே பிடித்துவிடுவார். அதை ஒளித்து வைத்துக்கொண்டு 260 பக்கம் ஓட முடியாது. பிடிக்கட்டும் என்று விடுங்கள். இன்னும் துணிவிருந்தால் 40ஆம் பக்கத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். 54 வருடம் அந்த வீடு இதை எப்படி மூடி வைத்தது, அந்த மூடலில் யார் யாருக்கு என்ன வேலை என்பதுதான் கதை. கொலை ஒரு நிமிட வேலை. மறைப்பதோ சமையல், கூட்டிப் பெருக்கல் மாதிரி ஒவ்வொரு நாளும் யாராவது செய்தாக வேண்டிய வேலை. உங்கள் கைப்பிரதியில் கொலை இருக்கிறது. இந்த வேலை இல்லை.

ஒரு பெரிய தாளை எடுத்துக் குறுக்கே ஆறு ஆண்டுகளை எழுதுங்கள்: 1964, 1977, 1983, 1990, 2004, 2018. நெடுக்கே ஆட்கள்: ஆச்சி (அண்ணன் தம்பியின் தாய்), அண்ணன், அண்ணனின் மனைவி, தங்கை, மகன், பேத்தி. முதலில் வயதைப் போடுங்கள். அண்ணன் 1934இல் பிறந்தவரென்றால் 1964இல் 30, 2018இல் 84. தங்கை 1945 என்றால் அப்போது 19, இப்போது 73. மகன் 1959 என்றால் அப்போது 5, இப்போது 59. பேத்தி 1990 என்றால் 28. இந்த ஒரு வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 84 வயதுக்காரர் மதில் ஏறிக் குதிக்கும் அத்தியாயம் இப்படித்தான் உருவாகிறது.

பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விடயம்: அந்த ஆண்டில் அவருக்கு என்ன தெரியும், வெளியே என்ன சொல்கிறார், எதற்குப் பயப்படுகிறார். 36 கட்டம், 108 குறிப்பு. சில கட்டம் வெறுமையாக இருக்கும், அது பரவாயில்லை. ஒருவருக்கு எல்லாம் தெரிந்து மற்ற ஐவருக்கும் ஒன்றுமே தெரியாமல் இருந்தால்தான் கதை செத்துவிடும். அண்ணனின் மனைவிக்குக் கிணறு மூடப்பட்டது தெரியும், ஏன் என்று கேட்டதில்லை. தங்கைக்கு ஏன் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு. யாரும் மற்றவரின் துண்டைக் கேட்பதில்லை என்பதே அந்த வீட்டின் ஒழுங்கு.

ஆண்டுகளைச் சும்மா தெரிவு செய்யவில்லை. 1990இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது வீடு வெறுமையாகக் கிடந்திருக்கும். பிள்ளைகளையும் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளிக்கிட, ஆச்சி மட்டும் பின்வளவுக்கு ஒருமுறை போய்விட்டு வருகிறா. நகையை எடுக்கப் போனதாக எல்லோரும் நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடற்கரையில் வீடிழந்த உறவினர் மேட்டில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள். தண்ணீர் போதாது. “இந்தப் பழைய கிணற்றைத் தோண்டித் துப்பரவாக்கினால் என்ன?” என்று ஒருவர் நல்ல மனதோடு கேட்கிறார். அந்தக் காட்சியில் யாரும் குரலை உயர்த்த வேண்டாம். அண்ணன் அடுத்த நாளே காசு கொடுத்துத் தண்ணீர் பவுசருக்கு ஏற்பாடு செய்தால் போதும். ஒரு சதம் செலவழிக்காத மனிதர் அவர் என்று மூன்று அத்தியாயம் முன்பே காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

கேள்வி: உண்மையை வெளிக்கொண்டுவர ஒரு பழைய நாட்குறிப்பு கிடைப்பதாக எழுதினேன். நண்பர் சிரிக்கிறார். வேறு என்ன துப்பு வைக்கலாம்?
— சாம்பல்தீவு வாசகர்

பதில்: நண்பர் சிரித்தது சரி. மறைக்க விரும்புகிறவர் அதை எழுதி அலமாரியில் வைப்பாரா? நாட்குறிப்பு எழுத்தாளருக்கு வசதி, பாத்திரத்துக்கு வசதியில்லை. துப்பு என்பது மறைக்கும் ஆளால் தவிர்க்க முடியாமல் போனதாக இருக்க வேண்டும். சட்டம் கேட்டதால் எழுதியது, சாமிக்குப் பயந்து செய்தது, காசுக்காகக் கையொப்பமிட்டது: இந்த மூன்று இடத்திலும் தேடுங்கள்.

சாமிக்குப் பயந்ததை முதலில் பார்ப்போம். ஆச்சி ஊருக்குப் பொய் சொல்லுவா, பொலிசுக்கும் சொல்லுவா. பிதிர்க்கடனில் பொய் சொல்ல அவவுக்கு வராது. பிள்ளை எந்தத் திதியில் செத்தானோ அந்தத் திதியில்தான் படைக்க வேண்டும். புயல் திருகோணமலைக் கரையைத் தாக்கியது 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அதே புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. அந்த மாதம் 19ஆம் திகதி பௌர்ணமி. ஆகவே புயல் நாள் மார்கழித் தேய்பிறையின் ஆரம்பம். சித்தப்பா புயலில்தான் போனார் என்றால் திவசம் மார்கழியில் வர வேண்டும். ஆனால் ஆச்சி ஒவ்வொரு வருடமும் மாசித் தேய்பிறையில் ஒரு நாள் குளித்து, மரக்கறி சமைத்து, ஒரு இலை தனியாகப் போடுகிறா. யாருக்கு என்று கேட்டால் “என்ர ஐயாவுக்கு” என்கிறா. பேத்திக்கு 28 வயதில்தான் தெரியவருகிறது, ஆச்சியின் தகப்பன் செத்தது ஆவணியில் என்று. இதற்கு ஒரு நாட்குறிப்பும் வேண்டாம், பழைய பஞ்சாங்கம் போதும். ஒரு எச்சரிக்கை: வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி தொடங்கும் நாழிகையில் வேறுபடும். கதை முடிச்சை ஒரு திதி வித்தியாசத்தில் கட்டாதீர்கள். மாத வித்தியாசத்தில், பட்ச வித்தியாசத்தில் கட்டுங்கள்.

அடுத்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம். இலங்கையில் காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இதுதான் நிலை. பிரதி காணிப் பதிவகத்துக்குப் போய்விடும், வீட்டில் உள்ளதை எரித்தாலும் அது இருக்கும். தம்பலகாமத்து வயல் ஒன்றைக் குடும்பம் விற்ற உறுதி, திகதி 1965 ஜனவரி 28, வியாழக்கிழமை. இரண்டாம் சாட்சி: டிசம்பரில் புயலில் போன சித்தப்பா. பேத்தி அந்த வயலைப் பற்றி விசாரிக்க ஒரு காரணம் வேண்டும். காரணம் இருந்தாலும், சட்டத்தரணிகள் வழக்கமாக 30 வருடம்தான் பின்னோக்கித் தேடுவார்கள். 2018இலிருந்து எண்ணினால் 1988. 1965 வரை போக வேண்டுமென்றால் அந்த வயலுக்கு இடையில் வேறு உறுதி எழுதப்படாமல் இருந்திருக்க வேண்டும். இதை ஒரு வரியில் சொல்லி வையுங்கள். சட்டம் தெரிந்த வாசகர் உங்களை விடமாட்டார்.

உடனே ஒரு ஓட்டை தெரியும். ஜனவரியில் ஆள் உயிரோடு உலாவியிருந்தால், டிசம்பரில் புயலில் போனார் என்பதை அயலவர் எப்படி நம்பினார்கள்? நம்பவில்லை. அவர்களுக்கு அந்தப் பொய் சொல்லப்படவே இல்லை. 1965இல் அயலுக்குச் சொன்னது “கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்” என்பது. 1990இல் அயல் சிதறியது. யார் எந்த நாட்டில் என்று தெரியாமல் போனது. வளர்ந்த பேரப்பிள்ளைகள் “ஏன் அவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை?” என்று கேட்கத் தொடங்கியபோது, கேட்க அயலவர் இல்லாத துணிவில், வீடு புயலை எடுத்துக்கொண்டது. பெரிய அழிவுகளுக்குள் ஒரு சின்னச் சாவைச் செருகுவது சுலபம். ஆக, பொய்க்கும் ஒரு பிறந்த ஆண்டு உண்டு. பழைய பொய்யை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு முன்னாள் அயல்வீட்டு அக்கா எங்கோ இருந்து தொலைபேசியில், “உங்கட சித்தப்பா கப்பலில போனவர்தானே, பிறகு வரேல்லையா?” என்று கேட்டால், ஒரு வசனத்தில் வீடே சரிந்துவிடும்.

மற்றக் கடதாசிகள் பற்றிச் சுருக்கமாக. பழைய பிறப்புச் சான்றிதழில் தகவல் கொடுத்தவர் யார், என்ன முறை என்று ஒரு கூடு உண்டு. தகப்பன் இருக்கத் தகப்பன் பதியாமல் மாமன் ஏன் பதிந்தார் என்பதே ஒரு அத்தியாயம். பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூடும் உண்டு. தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் 500 கூடும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே கணக்கிடுவார்கள். 1959 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 59561 என்று தொடங்கும். சின்னம்மா சொல்லும் பிறந்தநாளும் அட்டை இலக்கமும் ஒத்துவராவிட்டால் அதைப் பாத்திரம் கவனிக்கலாம், நீங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

*

கேள்வி: ஐந்து வயதில் கொலையைப் பார்த்த மகன் 50 வருடம் அதை மறந்திருந்து, வைத்தியர் மனோவசியம் செய்ததும் படம் மாதிரி எல்லாவற்றையும் சொல்கிறான். இப்படி நடக்குமா?
— கிண்ணியா வாசகர்

பதில்: நடப்பதாக எழுதாதீர்கள். மனோவசியம் நினைவின் சரித்தன்மையைவிட, சொல்கிறவரின் நம்பிக்கையைத்தான் அதிகம் கூட்டுகிறது. சொல்வது பிழையாக இருந்தாலும் உறுதியாகச் சொல்வார்.

ஐந்து வயது என்பது நல்ல தெரிவு. பெரும்பாலானோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் நிற்கிறது. ஐந்தில் நினைவு இருக்கும், ஆனால் வளைந்து கொடுக்கும். உளவியலாளர்கள் எலிசபெத் லொஃப்டசும் ஜக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக நடக்காத சம்பவமொன்றை, நடந்த மூன்று சம்பவங்களோடு கலந்து 24 பேருக்குக் கொடுத்தார்கள். பின்னர் நேர்காணலில் 6 பேர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். அதிர்ச்சியான சம்பவம் கல்லில் செதுக்கினமாதிரி நிற்கும் என்பதும் அப்படியே எடுக்கத்தக்கதல்ல. 1986 ஜனவரியில் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து 44 பேரிடம் திரும்பக் கேட்டபோது, கால்வாசிப் பேர் எல்லா விபரத்தையும் பிழையாகச் சொன்னார்கள், அதுவும் நல்ல நம்பிக்கையோடு. அவர்கள் கையால் எழுதியதையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

குற்ற நாவலுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை. பயன்படுத்தும் முறை இது. முதலில் உண்மையில் நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி மேசை லாச்சிக்குள் வையுங்கள்; அது நாவலில் வராது. பிறகு அதே காட்சியை மகன் மூன்று வெவ்வேறு வயதுகளில் சொல்வதாக எழுதுங்கள்: ஐந்தில், இருபதில், ஐம்பத்தொன்பதில். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விபரம் மட்டும் மாறட்டும். மாறும் விபரம் வேறெங்கிருந்தோ ஒட்டியதாக இருக்கட்டும்: மாமி சொன்ன சொல், சுவரில் தொங்கிய படம், பள்ளிக்கூடத்தில் கேட்ட புயல் கதை. எல்லாவற்றையும் மாற்றினால் வாசகர் அவனைப் பொய்யன் என்பார். ஒன்று மட்டும் மாறினால்தான் காதைத் தீட்டிக்கொள்வார்.

ஐந்து வயதுக்காரனின் கண் மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவன் முகங்களைப் பார்த்திருக்க மாட்டான். நனைந்த சாரத்தின் கரை, அரிக்கன் லாம்பு, துலாக் கயிறு தரையில் கிடந்தது, யாரோ ஒருவரின் கால் பெருவிரலில் சேறு. ஆச்சி தன் முந்தானையால் அவன் வாயைப் பொத்தாமல் காதைப் பொத்தினா. (ஏன் காதை? அதற்கு விடை உங்களிடம் இருக்க வேண்டும்.)

இதில் ஒரு விபரத்தை முடிச்சாக்கலாம். வீடு புயல் கதையை எடுத்துக்கொண்ட பிறகு மகன் எப்போதும் சொல்வான்: “புயல் இரவு, கிணற்றடியில் நல்ல நிலவு.” யாரும் கவனிப்பதில்லை. புயல் இரவில் நிலவெங்கே தெரியும்? மாசியிலோ, 1965 பெப்ரவரி நடுவில் பௌர்ணமி. அது கழிந்து இரண்டு மூன்று நாளில் இரவு எட்டு ஒன்பதுக்குப் பிறகு கிணற்றடி முழுக்க வெளிச்சம். புயலை வீடு அவனுக்குக் கொடுத்தது, நிலவு அவனுடைய சொந்தம். ஆச்சியின் இலையும், ஜனவரிக் கையொப்பமும், இந்த நிலவும் ஒரே திசையைக் காட்டினால் வைத்தியரும் மனோவசியமும் தேவைப்படாது.

*

கேள்வி: 54 வருடம் கழித்து எலும்பு கிடைத்தால் வழக்குப் போட முடியுமா? என் நாவலில் இன்ஸ்பெக்டர் 302இல் கைது செய்கிறார்.
— நிலாவெளி வாசகர்

பதில்: 302 தமிழ்நாட்டுப் படங்களிலிருந்து வந்தது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் கொலைக்கான பிரிவு 296, கொலையாகாத மனித உயிர்ப்போக்கலுக்கு 297. எஃப்.ஐ.ஆர். என்று எழுதாதீர்கள், இங்கே முறைப்பாடு, பிறகு நீதவானுக்குப் பொலிசார் கொடுக்கும் ‘பி’ அறிக்கை.

எலும்பு கண்டால் ஒழுங்கு இப்படி: தோண்டியவர் நிறுத்துகிறார், கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ சொல்கிறார், பொலிஸ் இடத்தை மறித்து நீதவானுக்கு அறிவிக்கிறது, நீதவான் வந்து பார்த்துக் கட்டளையிட்ட பிறகு சட்ட வைத்திய அதிகாரியின் மேற்பார்வையில் தோண்டுகிறார்கள். பேத்தி தானே மண்வெட்டியோடு இறங்கி மண்டையோட்டைக் கையில் தூக்குவது நன்றாக இருக்கும். ஆனால் சான்றின் பெறுமதி அந்த நிமிடமே குறைந்துவிடும். இன்னொன்று, இந்த மாவட்டத்தில் மண்ணுக்குள் எலும்பு கிடைத்தால் ஊர் முதலில் நினைப்பது குடும்பக் கொலையை அல்ல. போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளையின் படத்தோடு தாய்மார் அந்த வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். அதை எழுதாமல் தாண்டிப் போனால் உங்கள் நாவல் வேறு ஊரில் நடக்கிறது.

கால எல்லை பற்றி: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவுப்படி கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் கால எல்லை கிடையாது. மற்றக் குற்றங்களுக்கு 20 வருடம். இதன் பலனைப் பாருங்கள். அண்ணன் உயிரோடிருந்தால் 84 வயதிலும் குற்றம் சாட்டலாம். கொலைக்குப் பிறகு அதை மறைக்க உதவிய தங்கையை, சான்றை மறைத்த குற்றத்துக்கு 1985க்குப் பிறகு யாரும் தொட முடியாது. ஆனால் அவவுக்கு அது தெரியாது. 33 வருடம் வீணாகப் பயந்திருக்கிறா. ஒரு சட்டத்தரணி அதை அவவிடம் சாதாரணமாகச் சொல்லும் காட்சியை எழுதிப் பாருங்கள். (கொலைக்கே முன்கூட்டி உடந்தை என்றால் கதை வேறு, அதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.)

பொலிஸ் நிலையத்தில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் கடைசி அத்தியாயமும் வேண்டாம். சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை வழக்கில் அவருக்கு எதிராக எடுக்க முடியாது. தூக்கு மேடைக் காட்சியும் வேண்டாம். இங்கே கடைசியாகத் தூக்கிலிட்டது 1976இல்.

நோக்கத்துக்கு ஒரு யோசனை. சொத்துக்காகக் கொன்றார் என்று பொதுவாகச் சொல்லாமல், தகப்பனிடமிருந்து பிரிக்கப்படாமல் வந்த பங்கு வீடு என்று வையுங்கள். பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். கூட்டுச் சொந்தக்காரருக்குள் வெறும் ஆட்சி போதாது, மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்திருக்க வேண்டும். ஆகவே சித்தப்பா இரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்து ஒரு பிள்ளையும் இருந்தால், 2018இலும் அந்தப் பிள்ளை கதவைத் தட்டலாம். சட்டம் ஏற்கும் திருமணமே இல்லையென்றால், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் அந்தப் பிள்ளைக்குப் பொதுச் சட்டத்தில் பங்கில்லை. ஒரு விவாகச் சான்றிதழுக்காக ஒருவரை ஒருவர் கொல்வதற்குக் காரணம் இங்கே போதுமான அளவு இருக்கிறது. தேசவழமையை இதற்குள் கொண்டுவர வேண்டாம். அது வட மாகாணத் தமிழருக்கென்று வந்த சட்டம். எழுதி முடித்ததும் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவரிடம் இந்த நான்கு பக்கத்தை மட்டும் காட்டுங்கள்.

*

கேள்வி: முதல் அத்தியாயத்திலேயே கோணேசர் கோயில், மான்கள், வெந்நீர்க் கிணறு எல்லாம் வந்துவிட்டன. சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எப்படிக் குறைப்பது?
— திருகோணமலை நகர வாசகி

பதில்: பாத்திரத்துக்கு அங்கே வேலை இருந்தால் மட்டும் அந்த இடம் வரட்டும். கன்னியாவுக்கு ஏழு வெந்நீர்க் கிணறு பார்க்க உங்கள் குடும்பம் போக வேண்டாம், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குப் போகட்டும். உடல் கிடைக்காதவருக்கு அந்தியேட்டி செய்வதா என்று அங்கே ஒரு சின்ன வாக்குவாதம். ஆச்சி மட்டும் தயங்காமல் “செய்யுங்கோ” என்கிறா. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து யாரையும் விழுத்த வேண்டாம், எல்லோரும் விழுத்திவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு. இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. கடல் வற்றி அரை மைல் மணல் தெரிந்ததாக எழுதினால் மீன்பிடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கிழக்குக் கரைதானே என்று கடலில் மாலைச் சூரியனே இல்லாமல் எழுதுவதும் பிழை. நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே கழுத்து மாதிரி ஒடுங்கி நிற்கிறது, உட்துறைமுக வீதியில் நின்றால் சூரியன் தண்ணீர்ப் பக்கம்தான் இறங்கும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்ரோபரில். அதற்கு முந்திய காட்சியென்றால் பாதையில்தான் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான்) கடக்க வேண்டும். கடைசிப் பாதையைத் தவறவிட்டவர் அன்றிரவு அந்தக் கரையில்தான் என்பது, குற்றக் கதைக்கு யாரும் காசு கொடுக்காமல் கிடைக்கும் சாட்சி.

*

கேள்வி: 1960களை எழுதும்போது காலப் பிழை வராமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?
— பாலையூற்று வாசகர்

பதில்: நாட்டின் பெயர் தமிழில் அன்றும் இன்றும் இலங்கைதான், ஆனால் 1972 மே 22 வரை அரசாங்கக் கடிதத் தலைப்பில் ஆங்கிலத்தில் சிலோன். அடையாள அட்டை 1972இல்தான் வந்தது. 1964இல் பொலிஸ் அதைக் கேட்க முடியாது. மேல் நீதிமன்றமும் எழுபதுகளில் வந்ததே. அதிகம் பேர் விழும் குழி ஒன்று: 1966 முதல் 1971 வரை வார விடுமுறை ஞாயிறு அல்ல, போயா நாளும் (பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் அட்டமிகள்) அதற்கு முந்திய நாளும். 1968இல் கந்தோர் உத்தியோகத்தர் ஞாயிறு வீட்டில் படுத்திருந்ததாக எழுதினால், அந்த ஞாயிறு போயாவோ அதற்கு முந்திய நாளோ அல்லாவிட்டால் அவர் வேலைக்குப் போயிருப்பார். உங்கள் கொலைகாரருக்கு ஞாயிறு வீட்டில் இருந்ததே சாட்சியென்றால், அந்தச் சாட்சி பொய் என்று ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர் கண்டுபிடிக்கலாம். பிழையையே கதையாக்கிவிடலாம் என்று சொல்கிறோம்.

*

கேள்வி: பெரியவர்கள் உண்மையைச் சொல்லாமல் தவிர்ப்பதை உரையாடலில் எப்படிக் காட்டுவது? “அவர் மௌனமானார்” என்று 31 தடவை எழுதியிருக்கிறேன்.
— மூதூர் வாசகி

பதில்: எண்ணிப் பார்த்ததற்கு நன்றி. முப்பதை வெட்டுங்கள். எங்கள் வீடுகளில் மறைக்கிறவர் மௌனமாவதில்லை, கதையை மாற்றுவார். ஆளுக்கு ஒரு வழி கொடுங்கள். ஒருவர் சாப்பாட்டுக்குத் தாவுவார்: “நீ இன்னும் சாப்பிடேல்லையே பிள்ளை?” இன்னொருவர் கேட்டவரைக் குற்றவாளியாக்குவார்: “ஆர் உனக்கு இதைச் சொன்னது?” மூன்றாமவர் தேவைக்கு அதிகமான விபரத்தோடு வேறொரு பழைய கதையைச் சொல்வார். ஒரே பாத்திரம் கடைசிவரை அதே வழியில் தவிர்க்கட்டும். ஒரு நாள் மாமி சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் விட்டால், அன்றைக்கு அவ சொல்லப் போகிறா என்று வாசகருக்கு விளங்கிவிடும். உங்கள் ஊர்க் குடும்பமென்றால் வாப்பா, உம்மா, ராத்தா, நானா என்று வீட்டில் புழங்குகிறமாதிரியே போடுங்கள், அடிக்குறிப்பு வேண்டாம்.

*

இன்னும் சில, சுருக்கமாக:

விஷத்தின் பெயரும் அளவும் கேட்டவருக்கு: சொல்ல மாட்டோம். நாவலுக்கும் தேவையில்லை. குவளையை யார் கழுவி வைத்தார் என்பதை எழுதுங்கள்.

கொலைகாரருக்கு “இரட்டை ஆளுமை” கொடுக்கலாமா என்று கேட்ட உப்புவெளி வாசகருக்கு: வேண்டாம். மனநோய் உள்ளவர்களை ஊர் ஏற்கெனவே பயந்துதான் பார்க்கிறது. உங்கள் அண்ணன் முழுப் புத்தியோடு செய்தார், அடுத்த நாள் கந்தோருக்கும் போனார் என்றால்தான் பயமாக இருக்கும்.

எத்தனை பக்கம் என்று கேட்டவர்களுக்கு: பக்கத்துக்கு 250 சொல் வந்தால் 60,000 சொல் 240 பக்கம், 16ஆல் சரியாகப் பிரிவதால் அச்சகத்தில் வெற்றுத் தாள் மிஞ்சாது. ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பியுங்கள், அட்டை அச்சிட முன்பே.

உவர்மலை வாசகிக்கு மறுபடியும் ஒன்று: கிணற்றை யார் மூடினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த நாள் காலையில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், அயலில் யாருடைய கிணறு, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதவில்லை. அங்கிருந்து தொடங்கி, முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்ப அனுப்புங்கள்.